பங்குக் கோயில் ஏட்டில் ஒரு திருமணம்: குடும்ப வரலாறு தேடத் தொடங்குவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தம் முன்னோரைப் பற்றித் தேடத் தொடங்கும் கத்தோலிக்கக் குடும்பத்தார் பங்குக் கோயிலில் முதலில் கேட்பது பெரும்பாலும் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழைத்தான். அது இயல்பானதே. ஆனால் தேடலுக்கு அதைவிடப் பயன்படும் ஏடு ஒன்று அதே அலமாரியில் இருக்கிறது. அது திருமணப் பதிவேடு. ஞானஸ்நானப் பதிவு ஒரு பிள்ளையை அதன் தாய் தகப்பனோடு சேர்த்துக் காட்டுவதோடு நின்றுவிடும். திருமணப் பதிவோ இரண்டு குடும்பங்களையும், பல வேளைகளில் இரண்டு ஊர்களையும், நான்கு பெற்றோரையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. மணமக்கள் உறவினராக இருந்தால் அவர்களுக்கு மேலே இருந்த பொதுவான பாட்டன் பாட்டி வரைக்கும் வழி காட்டுகிறது. இந்தப் பதிவைச் சரியாகப் படிப்பதற்கு இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் எதை எழுதச் சொன்னது என்பது ஒன்று. நம் ஊர்களில் யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. இவற்றுள் ஒன்று மட்டும் தெரிந்தவருக்கு ஏடு பாதிதான் புலப்படும்.

பங்குகளில் திருமணப் பதிவேடு வைக்கும் கட்டாயம் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கத்திலிருந்து வந்தது. அச்சங்கம் 1563ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணை, திருமணம் பங்குக் குருவின் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்றும், அதற்கு முன் மூன்று திருநாள்களில் கோயிலில் அறிவிப்புச் செய்யப்பட வேண்டும் என்றும், மணமக்களின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் நாளையும் இடத்தையும் குரு ஒரு புத்தகத்தில் எழுதிப் பாதுகாக்க வேண்டும் என்றும் விதித்தது. யாருக்கும் தெரியாமல் மறைவாகச் செய்துகொண்ட திருமணங்களால் ஐரோப்பாவில் எழுந்த வழக்குகளே இதற்குக் காரணம். 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இந்தப் புத்தகங்களை எப்படி எழுதுவது என்பதற்கு மாதிரி தந்தது. இங்கிலாந்திலோ அதற்கும் முன்பே, 1538இல், அரசின் ஆணையால் பங்குப் பதிவேடுகள் தொடங்கிவிட்டன. நம் ஊரில் ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும் கல்யாண ஓலை திரெந்து சங்கம் சொன்ன அந்த மூன்று அறிவிப்பே ஆகும். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்ற வேண்டுகோள் வெறும் சடங்காகச் சேர்க்கப்பட்டதன்று. மணமக்களுக்குள் உள்ள இரத்த உறவை ஊரார் வாயிலாகக் கண்டறிவது அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று.

பங்கு அலுவலகத்தில் திருமணப் பதிவேடு தவிர ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், இறப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனி ஏடுகள் இருக்கும். இவற்றோடு குடும்பம் குடும்பமாக ஆட்களை எழுதிவைக்கும் குடும்ப ஏடும் இருந்தால் தேடுவோர் பேறு பெற்றவர் என்றே சொல்ல வேண்டும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்த ஐந்தையும் கட்டாயமாக்கியதுடன், குடும்ப ஏடு நீங்கலாக மற்றவற்றின் படியை ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கு அனுப்பவும் சொன்னது. ஆகவே பங்கில் உள்ள ஏட்டின் தாள் செல்லரித்துப் போயிருந்தால், ஆயர் இல்லத்தில் அந்த ஆண்டின் படி இருக்கிறதா என்று விசாரிப்பதில் பொருள் உண்டு.

எந்தக் கோயில், எந்த ஆயர் இல்லம்

ஏட்டைத் தேடுவதற்கு முன், தாத்தாவின் காலத்தில் அந்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கலாம். அப்போது நடந்த திருமணம் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் இருக்கும். கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் பெயரை நம் பகுதிக் குடும்பங்கள் தம் பூர்வீகமாகச் சொல்வதைக் கேட்கிறோம். உங்கள் ஊர்க் கோயிலின் ஏடு தொடங்கும் ஆண்டைக் கேட்டறிந்து, அதற்கு முந்திய காலத்துக்கு அருகிலிருந்த பழைய பங்குக்குச் செல்வதே முறை.

மறைமாவட்ட எல்லைகளும் இவ்வாறே மாறி வந்திருக்கின்றன. தருமபுரி மறைமாவட்டம் 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சேலம் மறைமாவட்டமோ 1930ஆம் ஆண்டு புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மறைமாவட்டங்களின் பகுதிகளை எடுத்து அமைக்கப்பட்டது. எனவே 1925இல் நடந்த ஒரு திருமணத்தைப் பற்றிய கடிதப் போக்குவரத்து தருமபுரியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது. அந்த ஊர் அன்று எந்த ஆயரின் ஆட்சியில் இருந்ததோ அங்கேதான் கேட்க வேண்டும். அரசு எல்லையும் இதுபோலத்தான். தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தன. பழைய ஏட்டில் ‘சேலம் ஜில்லா’ என்று இருப்பதைப் பார்த்து, நம் குடும்பம் சேலம் நகரத்திலிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி சற்று வேறு. மிசௌரி லுத்தரன் சபையாரின் இந்தியப் பணி 1895இல் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்தது. சேலத்தில் இலண்டன் மிஷன் 1827இலேயே பணியைத் தொடங்கியிருந்தது. இச்சபைகளில் 1872க்குப் பிறகு நடந்த திருமணங்களின் பதிவுகள் அவ்வாண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. அச்சட்டம் திருமணங்களின் விவரத்தை அரசுப் பதிவாளருக்கு அனுப்பும் கடமையைக் கத்தோலிக்கக் குருக்களுக்கும் விதித்தது. கும்பினி காலத்திலும் அதற்குப் பின்பும் இங்கே இருந்த ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் சென்னை மாகாணத்திலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

பதிவில் இருப்பதைப் படித்தல்

நம் பகுதியில் நெடுங்காலம் பணிசெய்தவர்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் என்பதால், பழைய ஏடுகளில் இலத்தீன் வாசகமும் பிரெஞ்சுக்காரரின் எழுத்துமுறையும் கலந்திருப்பதைக் காணலாம். இலத்தீன் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே வாசகம் ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்ப வருவதால், பத்துச் சொற்களை அறிந்தவர் பக்கம் முழுவதையும் படித்துவிடலாம். மகன் ‘ஃபிலியுஸ்’, மகள் ‘ஃபிலியா’, காலமானவர் ‘தெஃபுங்க்துஸ்’, கைம்பெண் ‘விதுவா’, சாட்சிகள் ‘தெஸ்தெஸ்’. வயதுக்குப் பக்கத்தில் ‘சிர்சித்தெர்’ என்று இருந்தால் அது ஏறத்தாழச் சொல்லப்பட்ட வயது என்று பொருள். அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடுபவர் முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுகள் தேடத் தயாராக இருக்க வேண்டும்.

பெயர்கள் வேறொரு கவனத்தைக் கோருகின்றன. வீட்டில் சூசை என்றும் இராயப்பன் என்றும் அருளப்பன் என்றும் சின்னப்பன் என்றும் அழைக்கப்பட்டவர்கள் இலத்தீன் ஏட்டில் ‘யோசெஃபுஸ்’, ‘பெத்ருஸ்’, ‘யோவான்னெஸ்’, ‘பவுலுஸ்’ என்று நிற்பார்கள். முடியப்பன் ‘ஸ்தெஃபானுஸ்’ ஆவார். ஞானப்பிரகாசம் ‘அலோய்சியுஸ்’ ஆவார். பிரெஞ்சுக் குருக்கள் உகரத்துக்கு இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதியதால் நம் ஊர்ப்பெயர்களும் உருமாறித் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் பெரும்பாலும் ஊர் விளங்கிவிடும். இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கோயிலில் அந்தோணி என்ற பெயர் பெற்றவரை ஊரில் யாருமே அப்பெயரால் அழைத்திருக்க மாட்டார்கள். பட்டாவிலும் பத்திரத்திலும் இருப்பது அந்த ஊர்ப்பெயர்தான். குடும்பத்தின் முதியவர்களிடம் பேசும்போது ஒவ்வொருவருக்கும் கோயில் பெயர் எது, கூப்பிடும் பெயர் எது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், ஒரே மனிதர் உங்கள் குறிப்பேட்டில் இருவராகிவிடுவார்.

குடும்பப்பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லாததால் ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் அந்தோணி மகன் சூசைகள் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரை மட்டும் வைத்து ஒருவரை அடையாளம் காண்பது ஆபத்தானது. தாயின் பெயர், ஊரின் பெயர், ஞானத்தகப்பன் ஞானத்தாயின் பெயர்கள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துவந்த பிறகே இவர் நம்மவர் என்று கொள்ள வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைக்கும் வழக்கம் இங்கே துணைக்கு வருகிறது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர்கள் திரும்பி வருவது, அந்தக் கிளையைத் தொடர்ந்து பார்க்கலாம் என்பதற்கு நல்ல குறிப்பு. அது சான்று அன்று, குறிப்பு மட்டுமே.

சாட்சிகளின் பெயரைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தாய்மாமன் முன்நின்று நடத்தும் வழக்கமுள்ள நம் ஊர்களில், சாட்சியின் பெயர் மணமகளின் அல்லது மணமகனின் தாயோடு உடன்பிறந்தவரின் பெயரா என்று பார்ப்பது வீண் போகாது. ஆனால் அதே பெயர் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வேறு வேறு திருமணங்களுக்குச் சாட்சியாக வந்தால், அவர் பெரும்பாலும் அந்தக் கோயிலில் குருவுக்குத் துணையாக மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியாராக இருப்பார். அவரை உறவினராக எண்ணிக் குடும்ப மரத்தில் சேர்த்துவிடக் கூடாது.

1908ஆம் ஆண்டுக்குப் பிறகு திருமணம் செய்தவர்களைத் தேடுவோருக்கு இன்னொரு வசதியும் கிடைக்கிறது. 1907இல் உரோமை வெளியிட்டு அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று நடைமுறைக்கு வந்த ஆணை, ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அச்செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்றது. திருமணம் வேறு ஊரில் நடந்திருந்தால், அந்த ஊர்க் குரு ஞானஸ்நானம் நடந்த பங்குக்குத் தகவல் அனுப்புவார். எனவே தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் நடுவிலுள்ள வாசகத்தோடு நின்றுவிடாமல் பக்கத்தின் ஓரத்தையும் பாருங்கள். யாரை, எங்கே, எந்த நாளில் மணந்தார் என்பது அங்கே சிறிய எழுத்தில் இருக்கக்கூடும்.

உறவு முறையும் விதிவிலக்கும்

அத்தை மகளையோ மாமன் மகளையோ மணப்பதும், அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும் நம் பகுதியில் உரிமையாகவே கருதப்பட்டு வந்த வழக்கங்கள். திருச்சபைச் சட்டத்தில் இவை இரண்டும் இரத்த உறவுத் தடைக்குள் வருகின்றன. தடை உள்ள இடத்தில் திருமணம் செய்ய ஆயரின் அதிகாரத்திலிருந்து விதிவிலக்குப் பெற வேண்டும். விதிவிலக்குப் பெற்றதையும், எந்த உறவுப் படிக்காகப் பெற்றது என்பதையும் குரு திருமணப் பதிவில் எழுதுவார். உறவுத் திருமணம் அரிதாக இருக்கும் நாடுகளில் இத்தகைய வரி அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வரும். நம் ஏடுகளிலோ இதை எதிர்பார்த்தே பக்கத்தைத் திருப்பலாம். குடும்ப வரலாறு தேடுவோருக்கு இதைவிட மதிப்புள்ள வரி வேறு எதுவும் இந்த ஏட்டில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படிகளை எண்ணும் முறையை முதலில் தெரிந்துகொள்வோம். பழைய முறையில், பொதுவான முன்னோரிலிருந்து மணமக்கள் எத்தனையாவது தலைமுறை என்று எண்ணுவார்கள். ஒரே பாட்டன் பாட்டியின் பேரனும் பேத்தியும் மணந்தால் அது இரண்டாம் படி. தாய்மாமன் மருமகளை மணந்தால், அவர் பொது முன்னோரிலிருந்து முதல் தலைமுறை, அவள் இரண்டாம் தலைமுறை. ஆகவே அது ‘முதல் படியைத் தொடும் இரண்டாம் படி’ என்று எழுதப்படும். பூட்டன் பூட்டி பொதுவாக இருந்தால் மூன்றாம் படி. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் முதல் நான்காம் படி வரைக்கும் தடை இருந்தது. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அதை மூன்றாம் படியோடு நிறுத்தியது. 1983இல் வந்த புதிய தொகுப்போ எண்ணும் முறையையே மாற்றிவிட்டது. அதன்படி இருபக்கத் தலைமுறைகளையும் கூட்ட வேண்டும் என்பதால், அத்தை மகள் திருமணம் நான்காம் படி, அக்காள் மகள் திருமணம் மூன்றாம் படி. 1950இல் ‘இரண்டாம் படி’ என்று எழுதப்பட்ட அதே உறவு 1990இல் ‘நான்காம் படி’ என்று எழுதப்பட்டிருக்கும். ஆண்டைப் பார்க்காமல் படியைப் படிப்பவர் நெருங்கிய உறவைத் தூரத்து உறவு என்று கொண்டுவிடுவார்.

இனி ஒரு கற்பனைப் பதிவை எடுத்துக்கொள்வோம். 1921ஆம் ஆண்டு, மணமகன் சூசை, காலஞ்சென்ற அந்தோணிக்கும் தெரேசம்மாளுக்கும் மகன், மணமகள் அன்னம்மாள், இராயப்பனுக்கும் கத்தரீனம்மாளுக்கும் மகள், இரண்டாம் படி இரத்த உறவுக்கு விதிவிலக்குப் பெறப்பட்டது. திருச்சபைச் சட்டத்தை மட்டும் அறிந்த ஒருவர் இதைப் படித்தால் நான்கு வாய்ப்புகள் உண்டு என்பார். அந்தோணியும் இராயப்பனும் அண்ணன் தம்பியாக இருக்கலாம்; தெரேசம்மாளும் கத்தரீனம்மாளும் அக்காள் தங்கையாக இருக்கலாம்; அந்தோணியும் கத்தரீனம்மாளும் உடன்பிறந்தவர்களாக இருக்கலாம்; தெரேசம்மாளும் இராயப்பனும் உடன்பிறந்தவர்களாக இருக்கலாம். இந்த நான்குக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு இல்லை. நம் வழக்கம் அறிந்தவரோ முதல் இரண்டையும் உடனே ஒதுக்கிவிடுவார். பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகளும், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தங்கை முறை; அவர்களுக்குள் திருமணம் என்ற பேச்சே எழாது. ஆகவே அன்னம்மாள் சூசைக்கு அத்தை மகளாகவோ மாமன் மகளாகவோதான் இருந்திருக்க வேண்டும். நான்கு இரண்டாகச் சுருங்கியது.

மீதியுள்ள இரண்டில் எது சரி என்பதற்கு அடுத்த ஏட்டுக்குப் போக வேண்டும். சூசையின் வயது இருபத்திரண்டு என்று இருந்தால், அவருடைய பெற்றோர் திருமணம் 1900க்கு முந்திய சில ஆண்டுகளில் நடந்திருக்கும். இராயப்பன் கத்தரீனம்மாள் திருமணமும் ஏறக்குறைய அக்காலத்ததே. அவ்விரண்டு பதிவுகளையும் கண்டெடுத்து, அந்தோணியின் பெற்றோர் பெயரும் கத்தரீனம்மாளின் பெற்றோர் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா, தெரேசம்மாளின் பெற்றோர் பெயரும் இராயப்பனின் பெற்றோர் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். விடையோடு சேர்த்து, ஏட்டுக்கு முந்திய காலத்தில் பிறந்த ஒரு பாட்டன் பாட்டியின் பெயரும் கிடைத்துவிடும்.

‘முதல் படியைத் தொடும் இரண்டாம் படி’ என்று இருந்தால் வேலை இன்னும் எளிது. அண்ணன் மகளைச் சிற்றப்பன் மணப்பது நம் வழக்கத்தில் இல்லை. ஆகவே மணமகன் மணமகளின் தாய்க்கு உடன்பிறந்தவர். மணமகனின் பெற்றோரே மணமகளின் தாய்வழிப் பாட்டன் பாட்டி. ஒரே பதிவில் மூன்று தலைமுறை வந்து நிற்கிறது. சில பதிவுகளில் இரட்டை உறவுக்கு விதிவிலக்குப் பெற்றதாக இருக்கும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில், மணப்பெண் மாமன் மகளாகவும் அதே நேரத்தில் அத்தை மகளாகவும் இருப்பாள் என்பதை நினைவில் கொண்டால் அந்த வரி தெளிவாகும்.

இதனால் ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. விதிவிலக்குக்காகப் பங்குக் குரு ஆயருக்கு எழுதும் விண்ணப்பத்தில் உறவைக் காட்டும் வம்சக் கோடு ஒன்றை வரைந்து இணைப்பது வழக்கம். ஏட்டில் விதிவிலக்கு வரியைக் கண்டவர், அந்த விண்ணப்பம் ஆயர் இல்லக் கோப்பில் இருக்கிறதா என்று அன்புடன் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பூட்டனின் குடும்பத்தை உங்களுக்கு முன்பே ஒரு குரு வரைந்து வைத்திருப்பார்.

இங்கே பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் பல வேளைகளில் தனிப்பெயராக மட்டுமே இருக்கும். நிலப் பத்திரத்தில் அவள் பெரும்பாலும் இல்லை. அவள் யாருடைய மகள், எந்த ஊரில் பிறந்தாள் என்பது அவளுடைய திருமணப் பதிவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கைம்பெண்ணின் மறுமணமாக இருந்தால் முதல் கணவரின் பெயரும் சேர்ந்து வரும். பாட்டியின் வழியைத் தேடுகிறவர்கள் திருமண ஏட்டை விட்டுவிட்டால் அந்தப் பாதி மரம் மறைந்தே போகும்.

பெண் ஊரிலா, மாப்பிள்ளை ஊரிலா

தக்க காரணம் இல்லாவிட்டால் திருமணம் மணமகளின் பங்கில் நடக்க வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின் விதி. நம் பகுதியின் பல சமூகங்களிலோ, பெண் அழைப்பு நடத்தி மணமகளை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்துவந்து அங்கே தாலி கட்டுவதே பழைய வழக்கம். ஆகவே எந்த ஊர் ஏட்டில் பதிவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. ஒரு பங்கில் இல்லை என்றால் திருமணமே பதிவாகவில்லை என்று விட்டுவிடாமல், மற்ற ஊர்க் கோயிலுக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.

நாள் தெரியாதவர்களுக்கு வழிபாட்டு ஆண்டு உதவும். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் திருமணத்தைச் சிறப்பாகக் கொண்டாடத் திருச்சபை தடை விதித்திருந்தது. கிறிஸ்தவராகிய பின்னும் ஆடி மாதத்தையும் மார்கழியையும் தவிர்த்த குடும்பங்கள் உண்டு. இவற்றைக் கழித்துப் பார்த்தால், கேழ்வரகு அறுவடை முடிந்து கையில் தானியம் இருக்கும் தை மாதத்திலிருந்து, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வரைக்கும் உள்ள சில வாரங்களும், உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிந்திய மாதங்களும் முதலில் பார்க்க வேண்டியவை. விபூதிப் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையே ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வயதைப் பற்றியும் சிறிது எச்சரிக்கை தேவை. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு 1918இல் நடைமுறைக்கு வரும் வரைக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டும் ஆணுக்குப் பதினான்குமே திருச்சபை ஏற்ற குறைந்தபட்ச வயது. அதன் பின் பதினான்கும் பதினாறும் ஆயின. 1930 ஏப்ரல் முதல், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கையும் ஆணுக்குப் பதினெட்டையும் கட்டாயமாக்கியது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் திருமணத்தைப் பழைய ஏட்டில் காண்பது இன்று நமக்கு வேதனையாக இருக்கும். ஆனாலும் அதைக் குருவின் எழுத்துப்பிழை என்று தள்ளிவிடாமல், அவளுடைய ஞானஸ்நானப் பதிவோடு ஒத்துப்பார்த்து உள்ளபடியே எழுத வேண்டும்.

தாலியைப் பற்றி ஏடு பேசாது. எனினும் 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்நோன் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிற்றையும் கிறிஸ்தவருக்குத் தடை செய்தது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிப்படுத்தினார். சிலுவை பொறித்த தாலி நம் வீடுகளுக்கு வந்த வரலாறு இதனோடு இணைந்தது. பாட்டியின் தாலி வீட்டில் இருக்குமானால் அதன் வடிவத்தைப் படம் எடுத்துக் குறிப்போடு சேர்த்து வையுங்கள்.

1876 முதல் 1878 வரைக்கும் தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அக்காலத்தை ஒட்டிய ஏடுகளில் வளர்ந்தவர்களின் ஞானஸ்நானமும், பெற்றோர் பெயர் இல்லாத அநாதைப் பிள்ளைகளின் பதிவும் வந்தால் வியப்பதற்கில்லை. ஒரு கிளை அந்த ஆண்டுகளில் பெற்றோர் பெயரின்றித் தொடங்கினால், அதற்கு மேல் ஏட்டில் தேடுவதை நிறுத்திவிட்டு வாய்மொழிக்குத் திரும்ப வேண்டும்.

கோயிலுக்கு வெளியே

இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு ஏடு இல்லை. முஸ்லிம்களுக்கு ஜமாஅத்திலும் காஜியிடமும் உள்ள நிக்காஹ் தப்தர் இதற்கு நெருக்கமானது. இந்துக் குடும்பங்கள் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். எல்லாருக்கும் பொதுவான இரண்டு ஆவணங்கள் வீட்டிலேயே இருக்கின்றன: கல்யாணப் பத்திரிகையும் மொய் நோட்டும். பத்திரிகையில் தாய்மாமன்மார், பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா என்று உறவு முறையோடு பெயர்கள் அச்சாகியிருக்கும். மொய் நோட்டில் ஊர்ப்பெயரோடு ஆள் பெயர் வரும். ஒரு குடும்பம் எந்த எந்த ஊர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதை அதைப்போல் காட்டும் ஆவணம் வேறில்லை. கணக்குத் தீர்ந்ததும் அந்த நோட்டுகளை எடைக்குப் போடும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பங்கு அலுவலகத்துக்குச் செல்வதற்கு முன் சில மரியாதைகள் உண்டு. ஏடு பொது நூலகத்தின் புத்தகம் அன்று. தத்தெடுப்பு, தகப்பன் பெயர் தெரியாத பிறப்பு, முறிந்த திருமணம் ஆகிய குடும்ப இரகசியங்கள் அதில் உள்ளன. பங்குத்தந்தையிடம் முன்னதாகச் சொல்லி, யாரை, எந்த ஆண்டுகளுக்கு இடையில் தேடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் அனுமதிக்காமல் படம் எடுக்காதீர்கள். நகல் எழுதும்போது புத்தகத்தின் பெயரையும் ஆண்டையும் பக்க எண்ணையும் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இலத்தீன் வாசகத்தை மொழிபெயர்த்து மட்டும் வைக்காமல் உள்ளபடியே பெயர்த்தெழுதுங்கள். பழைய பதிவுகளில் சாதிப் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது உங்கள் குறிப்பில் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தோடு சேர்த்து அதைப் பொதுவெளியில் இட வேண்டாம்.

எல்லா ஏடுகளையும் பார்த்த பிறகும் ஒருவர் திருமணத்துக்கு முன்னோ பின்னோ மறைந்துபோனால், அவர் வேலை தேடிச் சென்ற வழியை நினைத்துப் பாருங்கள். 1880 முதல் கோலார் தங்கவயல் நம் பகுதிக் குடும்பங்களை இழுத்துக்கொண்டது. பெங்களூர்த் தண்டுப்பகுதியும் (கண்டோன்மென்ட்) அப்படியே. தங்கவயல் கோயில்கள் அன்று மைசூர் ஆயரின் ஆட்சியில் இருந்தன. 1940இல் பெங்களூர் மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. அங்குள்ள பங்குக்கு எழுதும் கடிதத்தில், தேடப்படுபவரின் கோயில் பெயர், தகப்பன் தாயின் பெயர், பூர்வீக ஊர், அது அன்று ‘சேலம் ஜில்லா’வில் எந்தத் தாலுகாவைச் சேர்ந்திருந்தது என்ற விவரம் ஆகிய நான்கும் இருக்கட்டும், தொழிலாளர் திருமணங்களை எழுதிய குருக்கள் மணமக்களின் சொந்த ஊரையும் கேட்டு எழுதியிருந்தால், அந்த ஒரு சொல்லைக் கொண்டே உங்கள் ஆளை மற்றவர்களிலிருந்து பிரித்தறிய முடியும்.